பிடுங்கினாலும் விழாத இயங்குதளம் தந்த எங்கள் வெடுக்கு அக்காவுக்கு

வட்டுகளின் வழி அறிந்தவரே, வடங்களின் வலி உணர்ந்தவரே, முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் மூன்றாம் மாடியை முறைத்தும் முறைப்படுத்தியும் காத்தவரே, வணக்கம். தாங்கள் என்று தொடர்ந்தால் "யாரைச் சொல்றீங்க?" என்று திரும்பிப் பார்ப்பீர்கள்; ஆகவே இனி நீங்கள் என்றே எழுதுகிறோம்.

இந்தப் பணி ஓய்வு விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவருக்கும் மகளுக்கும் நீங்கள் செய்த வேலை என்னவென்று இன்றுவரை விளங்கியிருக்காது. சொல்லிவிடுகிறோம். கணினியில் செருகிய பென் டிரைவோடும் ஹார்ட் டிஸ்கோடும் இயங்குதளம் பேசுவதற்கு இடையில் ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது வட்டைப் பிடுங்கிவிட்டால், பாதிப் பேச்சில் எதிராளி காணாமல் போன கதிதான். அந்த நிரல் திகைத்து நின்றால் மொத்தக் கணினியும் உறைந்துபோகும். அது திகைக்காமல் இருக்க வழி செய்தவர் நீங்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், புதிய பதிப்பு வெளியாக நான்கே நாட்கள் இருந்தன. வட்டைப் பிடுங்கிப் பார்த்த சோதனையில் ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தீர்கள்.

"கையெழுத்து இல்லேன்னா உங்க நாற்காலியும் இல்ல," என்றார் அன்றைய மேலாளர்.

"நாற்காலி கிடக்கட்டும் சார். ஆஸ்பத்திரியில ஸ்கேன் ஓடறப்ப யாராவது வட்டைப் பிடுங்கினா என்ன ஆகும்?" என்றீர்கள்.

மறுநாள் காலை முழுவதும் எங்கள் சோதனையை உட்கார்ந்து பார்த்தீர்கள். திரையைப் பார்க்கவில்லை, எங்கள் கைகளையே பார்த்தீர்கள். நாங்கள் அறியாமலே, வட்டின் விளக்கு மினுக்குவதை நிறுத்தும்வரை காத்திருந்துதான் பிடுங்கிக்கொண்டிருந்தோம். இத்தனை வருடத் தொழில் பழக்கம், எழுதிக்கொண்டிருக்கும் வட்டைப் பிடுங்கக் கை வரவில்லை. நீங்கள் யாரையும் திட்டவில்லை. வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவை அழைத்து, "விளக்கு மினுக்குறப்பவே பிடுங்குங்க," என்றீர்கள். "உடைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது," என்றபடியே அவர் வரிசையாகப் பிடுங்கினார். பன்னிரண்டு கணினிகளில் ஒன்பது அங்கேயே உறைந்தன. நாங்கள் தரையைப் பார்த்தோம். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெளியீடு பத்து வாரம் தள்ளிப்போனது. உங்கள் பதவி உயர்வும் சேர்ந்து தள்ளிப்போனது. அதைப் பற்றி இன்றுவரை நீங்கள் மூச்சு விட்டதில்லை. அந்தப் பத்து வாரத்தில் நிரலுக்கு நீங்கள் எழுதிய மூன்று விதிகளைப் படித்தால் இன்றும் எங்களுக்கு மலைப்பாக இருக்கிறது. வட்டு போய்விட்டதா, புது வேலை எதையும் ஏற்காதே. காத்திருப்பவர்களைத் தொங்கலில் விடாதே, முடியாது என்று உடனே சொல்லிவிடு. ஆனால் அந்த வட்டைப் பற்றிய குறிப்பை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதே. அதைப் பிடித்திருக்கும் கடைசி நிரல் கையை விடும்வரை வைத்திரு. நாங்கள் எழுதியிருந்த நிரல் அதை உடனே அழித்துவிட்டிருந்தது. இல்லாத குறிப்பைத் தேடிப்போய்த்தான் அந்த ஒன்பதும் உறைந்திருந்தன.

மறுபடியும் பெரியம்மா வந்தார், பன்னிரண்டையும் பிடுங்கினார். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது, வேலை தொடர்ந்தது. "அவ்ளோதானா?" என்று அவர் ஏமாற்றத்தோடு கேட்டார். எங்கெங்கோ எத்தனையோ அவசரக்காரர்கள் இன்றும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். யாரால் தப்பித்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று முதல் எங்கள் மேசைகளில் செருகியிருந்த எதற்கும் பாதுகாப்பில்லை. போகிற போக்கில் வெடுக்கென்று பிடுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நிற்பீர்கள். வெடுக்கு அக்கா என்ற பெயர் வந்த கதை இதுதான், மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

கடந்த ஒரு மாதமாக நீங்கள் புது வேலை எதையும் ஏற்கவில்லை. காத்திருந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னீர்கள்; எங்களில் மூவரிடம், "இது என்னால முடியாது, நீயே பாத்துக்க," என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். உங்கள் விதிகளில் இரண்டை நீங்களே நிறைவேற்றிவிட்டீர்கள். உடல் நலத்தோடும் உள்ள நிறைவோடும், காலை எழுந்ததும் ஓட வேண்டிய அவசியமில்லாத நீண்ட நாட்கள் உங்களுக்கு வாய்க்கட்டும்.

மூன்றாம் விதி எங்கள் பொறுப்பு. திங்கட்கிழமை முதல் பிரிவின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கும்படி நிர்வாகம் படிவம் அனுப்பியிருக்கிறது. பிடித்திருக்கும் கடைசிக் கை விட்ட பிறகு எடுப்பதாகப் பதில் எழுதிவிட்டோம். நாங்கள் இன்னும் விடவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி டிரைவர் பிரிவின் பதினான்கு பேரும்,
பெரியம்மாவும்