நாற்பத்தொரு நாள் அவகாசம்

ஐயா, சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் சட்டை காய இரண்டு நாள் ஆகும். என் வீட்டுக் கொடியில் கிடந்த ஈரச் சட்டையைப் பார்த்தும் நீங்கள் ஒன்றும் கேட்காமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். விஜய்பாண்டி பாறையிலிருந்து விழுந்ததற்கு அவன் மைத்துனர் சங்கிலிப்பாண்டியைச் சந்தேகப்பட்டு மூன்று நாளாக ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் பெரிய குடிகாரனாக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் இலத்தூர் சுடலைமாடன் கோயிலில், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து கையில் கறுப்புக் கயிறு கட்டினேன். கயிற்றோடு குடித்தால் சாமி அடித்துவிடும் என்பார்கள். ஒன்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்தேன். முகம் எரிந்தது, நெஞ்சு படபடத்தது, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. சுடலை என் நெஞ்சில் கால் வைத்ததை நானே உணர்ந்தேன். அதன்பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. இதைச் சொல்லியே பதினொரு பேரைக் கூட்டிப்போய்க் கயிறு கட்டவைத்தேன். குத்துக்கல்வலசையில் எனக்குப் பக்கத்துத் தெருக்காரனான விஜய்பாண்டி கடைசி ஆள்.

ஒரு மாதத்தில் அவன்மேல் வாடை அடித்தது. கேட்டேன்.

"என்ன பெருமாளண்ணாச்சி, ஒங்க சாமிக்கு மூக்கடைப்பா? வாசம் தெரியலையோ?" என்று சிரித்தான்.

"ஏலே, கயித்தை அவுத்துட்டுக் குடிலே."

"கெடந்துட்டுப் போவுது. கைக்கு எடுப்பா இருக்குல்லா."

நான் கோபப்படவில்லை. சாமிக்கு ஒரு மண்டலம் அவகாசம் கொடுத்தேன். நாற்பத்தொரு நாளும் காலையில் அவன் வீட்டு வழியாகப் போய், இருமல் சத்தமாவது கேட்கிறதா என்று நின்று பார்த்தேன். அவன் சதை போட்டிருந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களில் இரண்டு பேர் குடிக்க ஆரம்பித்தார்கள். நாற்பத்திரண்டாம் நாள் பிராந்திக் கடை வாசலைத் தாண்டும்போது என் நாக்கில் எச்சில் ஊறியது. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றால் எனக்கும் ஆகாதே. மூன்று வருஷத்தில் நான் பயந்தது அன்று மட்டும்தான்.

மறுநாள் மத்தியானம் குளிக்கப் போவோம் என்று குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்டமில்லாத ஓடைப் பக்கம், பாசி பிடித்த பாறை நுனியில் உட்கார்ந்து அவன் பாட்டிலைத் திறந்தான். கயிறு கையில்தான் இருந்தது. ஒரு மடக்கு குடிக்கவிட்டேன். குடிக்காதவனைத் தண்டிப்பது நியாயமில்லை. பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளினேன். கீழே தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். மூச்சு இல்லை. கயிறு நனைந்திருந்தது, அறுந்திருக்கவில்லை.

சுடலை கேட்டுவிட்டார் என்று ஊரே பேசுகிறது. குடிக்கத் தொடங்கிய இரண்டு பேரும் மறுபடி கயிறு கட்டிவிட்டார்கள். என் நாக்கும் அடங்கிவிட்டது.

நேற்று என் மனைவி இசக்கிசெல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "ஐயோ, அன்னைக்கு ஒங்களை அடிச்சது சாமியில்ல. குடிச்சா ஒடம்புக்கு ஒத்துக்காமப் போறதுக்கு டாக்டர் குடுத்த மாத்திரையை நாந்தான் ஒங்களுக்குத் தெரியாம ஒரு வாரமா சோத்துல பொடிச்சுப் போட்டேன்" என்றாள்.

பயத்தில் உளறுகிறாள், ஐயா. அவளை விசாரிக்க வேண்டாம். அன்று என்னை அடித்தது வெறும் மாத்திரை என்றால், விஜய்பாண்டி எப்படிச் செத்தான்?