முறைப்படி மேலனுப்பப்படுகிறது

என் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் ஏட்டு ராஜமாணிக்கத்திடமிருந்து காகிதத்தை வாங்கி நானே எழுதுகிறேன். அவர் கிறுக்கியதைப் படித்து முடிப்பதற்குள் கோர்ட்டில் இருப்பவர்களுக்குக் கண் போய்விடும். மேலே போகிற காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான் சக்கரபாணி. கருவேப்பிலங்குறிச்சிக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்துக்குக் கர்ணம். இருபத்தாறு வருஷமாக ஊர்க் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன்னால் என் தகப்பனார் எழுதினார்.

1967 ஆகஸ்டில் ஒரு மனு வந்தது. அனுப்பியவர் நல்லமுத்து, பிஜித் தீவில் இருப்பவர். எட்டு வயதில் தகப்பனோடு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். தாயிடம் கைக்குழந்தையாக விட்டுப்போன தங்கை ஆராயி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டிருந்தார். இருந்தால் வந்து தன்னோடு அழைத்துப் போக வேண்டுமாம். பிஜி இன்னமும் ராணியின் ஆட்சியில் இருப்பதால் மனு முதலில் லண்டனுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து டில்லி, சென்னை, கடலூர், விருத்தாசலம் என்று இறங்கி, கடைசியில் தலையாரி கையில் என் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு முத்திரை, ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்று ஒரு வரி. எனக்குக் கீழே அனுப்ப ஆள் இல்லை. கேள்வி என் மேசையில் நின்றுவிட்டது.

பதில் மேலே போகிற விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு வரி எழுதுவேன். எனக்கு மேலே உள்ளவர் ‘மேலனுப்பப்படுகிறது’ என்று கையெழுத்துப் போடுவார். அவருக்கு மேலே உள்ளவரும் அப்படியே. லண்டன் வரைக்கும் ஒருவரும் வெயிலில் இறங்கி வந்து பார்க்கப் போவதில்லை. நான் எழுதியதுதான் டில்லி சொன்னதாகும், லண்டன் சொன்னதாகும்.

ஆராயி எனக்குத் தெரியாதவள் இல்லை. தாலி அறுத்தவள், பிள்ளை குட்டி கிடையாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மண் குழைக்கிற வேலை. மனு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், காலை ஏழரை பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, “ஊருக்குத்தாங்க நீங்க கர்ணம். பஸ்ஸுக்குக் கண்டக்டருதான். அவரு எழுந்துக்கச் சொல்லட்டும், எழுந்துக்கிறேன்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பயலும் பல்லை இளித்தான். அதற்கப்புறம் டீக்கடையில் நான் நுழைந்தால் எவனாவது ஒருவன், “கண்டக்டர் சொல்லிட்டாருங்களா, உக்காரலாமா?” என்பான். என் தகப்பனார் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். அந்த ஊர் அது.

நான் கோபக்காரன் இல்லை. நிதானமாகத்தான் எழுதினேன். ‘மேற்படி ஆராயி 20-7-67 அன்று காய்ச்சலில் இறந்துவிட்டதாக விசாரணையில் தெரியவருகிறது.’ எழுதி முடித்துக் குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மறு வருஷம் பங்குனியில் ஒரு நகல் வந்தது. மாட்சிமை பொருந்திய அரசாங்கம் மனுதாரருக்குத் தன் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது என்று லண்டன் எழுதியிருந்தது. என் வரி அப்படியே இங்கிலீஷில் இருந்தது. அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், கசங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி முதல் வாரத்தில் அடுத்த உத்தரவு வந்தது. நல்லமுத்து தங்கையைப் புதைத்த இடத்தில் விழுந்து கும்பிட மாதக் கடைசியில் வருகிறார், கர்ணம் கூட இருந்து இடத்தைக் காட்ட வேண்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். தவறு நேர்ந்துவிட்டது என்று நான் எழுதலாம்தான். அப்படி எழுதினால் தாசில்தார் தவறு, கலெக்டர் தவறு, டில்லி தவறு, லண்டன் தவறு. ஒரு மண் குழைக்கிறவளுக்காக இத்தனை பேர் தலைகுனிய வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

அக்டோபர் 22, மத்தியானம். தூறல். பட்டறைக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். உன் அண்ணன் பிஜியிலிருந்து வருகிறார், தாலுகா ஆபீசில் கைநாட்டு வைக்க வேண்டும், குறுக்கு வழியில் போய்விடலாம் என்றேன். முதலில் நம்பவில்லை. கடிதத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனாலும் தடவித் தடவிப் பார்த்தாள். கையிலிருந்த வெள்ளை மண் காகிதத்தில் ஒட்டிவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். “எங்கண்ணன் என்னா கொழம்பு துன்னும்னு கூட எனக்குத் தெரியாதுங்களே. எம் மொகம் அதுக்கு அடையாளம் தெரியுங்களா? வூட்டுல ஒரு நல்ல பாயிகூட இல்லீங்க.” பீங்கானுக்கு மண் வெட்டிய பள்ளத்தின் கரைக்கு வந்தபோது நின்று, என்னைக் கும்பிட்டாள். “அன்னிக்கி பஸ்ஸுல பேசினத மனசுல வச்சிக்காதீங்க சாமி. நீங்க நல்லா இருக்கணும்.”

அதை அப்போதே மறந்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். பிறகு தள்ளினேன். மழைத் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். இரண்டு தடவை கரையைப் பிடித்தாள். களிமண் வழுக்கும், பிடி நிற்காது. குடையை மடக்காமல், தண்ணீர் தெளிகிற வரைக்கும் நின்றேன்.

பாதை வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊர் அழுதது, புதைத்தது. நல்லமுத்து வந்தார். நரைத்த தலை, கையில், மனுப் போட்ட அன்றைக்கே தங்கைக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு சேலை. புதைமேட்டில் மண் இன்னும் இறுகாமல் இருந்ததைப் பார்த்துவிட்டார். ஊர்க்காரர்கள் பத்து நாள்தான் ஆகிறது என்றார்கள். அவர் லண்டன் காகிதத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். “ஐயா, இதப் பார்த்து ஏழு மாசத்துக்கு முன்னாலயே காரியம் பண்ணிட்டேனே. அப்ப எந்தங்கச்சி உசுரோட இருந்துச்சா?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவர் கொடுத்த புகாரை வைத்து நீங்கள் என்மேல் எழுதியிருக்கும் குற்றம், பொய் அறிக்கை கொடுத்தேன் என்பது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆராயியை நான்தான் கொன்றேன், யாரும் தூண்டவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய் அறிக்கை கொடுத்தவன் என்ற பேரை மட்டும் ஏற்க மாட்டேன். இறந்துவிட்டாள் என்று எழுதினேன், இறந்துதான் இருக்கிறாள். தேதியில் பதினைந்து மாதம் பிசகியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், திருத்திச் சுருக்கொப்பம் இட்டுத் தருகிறேன். முறைப்படி மேலே அனுப்பிவிடுங்கள்.