கடைசியாக ஏறிய சின்ன ஜீப்

சாத்தம் படகுத்துறையிலிருந்து வாகனப் படகு கிளம்பிவிட்டது. கடைசியாக ஏறிய சின்ன ஜீப்புக்கும் கம்பிக்கும் நடுவே ஒடுங்கி நின்றேன். ஜீப்புக்குள் பட்டுடுத்திய கணவனும் மனைவியும்.

“நம்ம பழைய ஜீப் கரையில நிக்கிறப்போ எவ்வளவு அழகா இருக்கு, பாரு.”

“அதை வாங்கின என் தம்பியையும் பாருங்க.”

“இதைப் பொம்மை வண்டின்னு சொன்னான்ல.”

“லைன்ல நமக்கு முன்னாடி நின்னான். போட்காரர் அவனைத் தாண்டி வந்து, ‘ஏக் சோட்டா காடி ஆவோ’, சின்ன வண்டி ஒண்ணு மட்டும் வான்னு நம்மளைத்தான் கூப்பிட்டாரு.”

“அந்தப் பெருசை வச்சுக்கிட்டு எத்தனை போட்டை விட்டிருக்கேன். நீ சொன்னப்பவே மாத்தியிருக்கணும்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவர் இன்னொரு தடவை சொன்னார்.

அவளுடைய போன் அடித்தது. கரையில் பெரிய ஜீப்பின் அருகே ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

“கல்யாண வீட்டுக்கு முன்னாடி போய் எங்களுக்குப் பந்தியில இடம் பிடிக்கிறேன்னு சொன்னியே, தம்பி,” என்றாள், மிகப் பொறுமையாக. “நீ நிதானமா அடுத்த போட்ல வா. உனக்கு நாங்க பிடிச்சு வைக்கிறோம்.”