ஒரு வரி எடுத்ததற்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோழிகள். ஒருத்தியின் மடியில் லேப்டாப், திரை கறுப்பாகவே இருந்தது.

“நேத்து இத நாப்பது தடவ ஸ்லீப் மோடுல தூங்கவச்சேன். நாப்பதுலயும் எந்திச்சிட்டு. மெஷின ஓட்டுத அடிப்படை புரோகிராம், அந்தக் கெர்னல்ல நான் பண்ணுன திருத்தம் சரின்னு காலையில ஆபீசுக்கு அனுப்பியும் விட்டுட்டேன்.”

“இப்ப என்னட்டீ?”

“மூணு தடவைக்கு ஒருக்க எந்திக்க மாட்டேங்குது.”

“நேத்துக்கு இன்னைக்கு என்னத்த மாத்துன?”

“எங்கன நிக்குதுன்னு ஸ்கிரீன்ல காட்டுததுக்கு ஒரு வரி போட்டிருந்தேன். அனுப்பும்போது அசிங்கமா இருக்கேன்னு எடுத்துட்டேன்.”

“அது சும்மா எழுத்துதான?”

“அத எழுதுத நேரத்துலதான் டிஸ்க் முழிச்சிருக்கு. இப்ப அந்த அவகாசம் இல்ல.”

லேப்டாப் வைத்திருந்தவளின் போனில் மெசேஜ் வந்தது. அவள் பார்க்கவில்லை. தோழிதான் எடுத்து வாசித்தாள்.

“மேனேஜர். ‘சபாஷ், உன் திருத்தத்த எல்லா மெஷினுக்கும் போட்டாச்சு’ன்னு சொல்லுதாரு.”