மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

தலைமை ஆசனத்தை அலங்கரிக்கும் பங்குச் சுவாமியார் அவர்களே! அவர் அருகே அமர்ந்திருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் திரு. வின்சன்ற் அவர்களே! விடியுமுன் வள்ளத்தை வழியனுப்பி, வெயிலேறுமுன் மீனைக் கூறுபோட்டு, வீட்டை விழாமல் தாங்கி நிற்கும் தாய்மாரே! அலைக்கும் அஞ்சாத, அரசுக்கும் அஞ்சாத, ஆனால் அவரவர் மனைவிமாருக்கு மட்டும் அஞ்சுகின்ற அண்ணன்மாரே, தம்பிமாரே! உங்கள் அனைவருக்கும் நோர்மனின் அன்பு கலந்த வணக்கம்.

பின்னுக்கு நிற்கும் தம்பி ஏன் சிரிக்கிறீர்? மெதடிஸ்தக்காரனுக்குக் கத்தோலிக்க மண்டபத்தில் என்ன வேலை என்றா? பயப்படாதீர். பிரசங்கம் இல்லை, காணிக்கைத் தட்டும் வராது. நான் கொழும்புத் துறைமுகத்திலே தீயணைப்புப் படையில் தொழில் பார்த்தவன். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில், அணைக்க முடியாத தீயைக் கண்ணால் கண்டு, கட்டிய துணியோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன். தீயைப் பற்றிப் பேச எனக்குச் சற்று உரிமை உண்டு.

இந்தப் பங்கிலே, என் பயிற்சியில், தீயணைப்பு முதலுதவித் தொண்டர் அணி ஒன்று இன்று பிறக்கிறது. ஏன் பிறக்கிறது? இந்தப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை, வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் விளக்கு. பெற்றோல் இல்லை; நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரும் என்று வழி பார்த்திருக்கவும் முடியாது. அப்படியானால் அணைப்பது யார்? ஆற்றுவது யார்? ஆசுபத்திரிக்குத் தூக்கிச் செல்வது யார்? நாங்கள்தான். எங்களை விட்டால் நாதியில்லை.

இந்த அணியில் சேர என்ன வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். உடலிலே உரம் வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு புதைமணலில் நடக்க வேண்டும். கூரையில் ஏறினால் தலை சுற்றக் கூடாது, குருதியைக் கண்டால் மயக்கம் வரக் கூடாது. என்ன வின்சன்ற், கள்ளா? முறைநாளில் கள்ளு வாசமே ஆகாது. முறை முடிந்தபின் அது உமக்கும் சுவாமியாருக்கும் இடையிலான விடயம்.

கடமை என்ன? மணல் வாளியும் தண்ணீர்ப் பீப்பாவும் நாளும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு துடுப்பைச் சாக்கிலே கோத்துக் காயக்காரனைச் சுமக்கும் தூக்குப்படுக்கை செய்யத் தெரிய வேண்டும். மூச்சு நின்றவனுக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும், முறிந்த எலும்பை அசையாமல் கட்ட வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் உதவப் போய்க் கண்டதை இன்னொருவர் வீட்டில் கதைக்கக் கூடாது. தாய்மாரே, சிரிக்காதீர்கள், இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி!

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தத் தவக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று நான் இங்கு இல்லை. ஆனால் ஆளாளிடம் கேட்டு அறிந்தேன்.

அன்று ஊரிலே ஒரு சாவு. சாவு விழுந்தால் இங்கே வள்ளம் இறங்குவதில்லை. எல்லா வள்ளமும் கரையில் ஏறிக் கிடந்தது. கடலுக்குப் போகாத பகல்தானே என்று சிமியோன் தன் வலைக் கொட்டிலுக்குள் இருந்து இயந்திரத்தைத் திருத்தினார். மண்ணெண்ணெயில் பொறி விழுந்தது. நைலோன் வலையில் நெருப்புப் பிடித்தது. புகையைக் கண்ட, கோயில் மணியடிக்கும் செல்வரட்ணம் ஓடிப்போய் மணியை அடித்தார்.

இந்தப் பங்கிலே மணி நேரந்தப்பி ஒலித்தால் என்ன அர்த்தம்? கடலில் ஆபத்து! தலைமுறை தலைமுறையாக அதுதான் அர்த்தம். செத்தவீட்டில் இருந்த சனம் முழுவதும் எழுந்தது. கயிறு எடுத்தது, துடுப்பு எடுத்தது, கரைக்கு ஓடியது. ஓடி நின்று கடலைப் பார்த்தது. கடலிலே என்ன இருந்தது? கடல்தான் இருந்தது! முதுகுக்குப் பின்னே கொட்டில் எரிகிறது, முன்னே ஒரு வள்ளமும் இல்லாத கடலை ஊரே உற்றுப் பார்க்கிறது!

நான் பழிக்கவில்லை, ஐயாமாரே. உயிர் காக்க ஓடிய கால்களைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே ஒரு பெண் கரைக்கு ஓடவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மக்டலீன், முன்வரிசையில் இருக்கும் லூர்த்தம்மாவின் மகள். அவள் கரையில் கிடந்த வள்ளங்களைப் பார்த்தாள். ‘எல்லாம் இஞ்சை கிடக்கு. அப்ப மணி ஆருக்கு?’ என்று நினைத்துத் திரும்பினாளாம். புகையைக் கண்டாள். கருவாட்டுச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு ஓடினாள்.

சிமியோன் சட்டையில் நெருப்போடு வெளியே ஓடி வந்தார். “ஓடாதேங்கோ அண்ணை! மண்ணிலை விழுங்கோ, உருளுங்கோ!” என்று கத்தி, ஈரச் சாக்கால் அவரை மூடி அணைத்தாள். அணைந்ததும் அவர் என்ன செய்தார்? எழுந்து மறுபடியும் கொட்டிலுக்குப் போகப் பார்த்தார். “என்ரை வலையடி! விடடி என்னை!” என்று கதறினார். அவள் விடவில்லை. “வலை போகட்டும் அண்ணை, நீங்கள் இருங்கோ” என்று காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வெந்த கையில் கிணற்றுத் தண்ணீரை வார்த்தாள், வார்த்துக்கொண்டே இருந்தாள். கரையிலிருந்து திரும்பிய சனம் ஒருவர் தேங்காயெண்ணெயோடும் ஒருவர் பேனை மையோடும் ஒருவர் பற்பசையோடும் வந்தபோது, “ஒருத்தரும் ஒண்டும் பூசக் கூடாது!” என்று மறித்தாள். கழுவிய வெள்ளைத் துணியால் மூடி ஆசுபத்திரிக்கு அனுப்பினாள். அவளுக்கு யார் சொல்லித் தந்தது? பள்ளிக்கூடத்து முதலுதவி வகுப்பிலே எல்லோரும் கேட்டதுதான். அவள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு ஊர் என்ன பரிசு கொடுத்தது? இன்று காலை மக்டலீனை அணிக்குக் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். லூர்த்தம்மா சொன்னார்: “ஐயா, சிமியோனின்ரை வலையை எரியவிட்டவள் எண்டு சனம் கதைக்குது. ஒரு குடும்பத்தின்ரை சோத்தை எரிச்சவளாம். இனி உந்த அணிக்கும் விட்டு இன்னும் பேச்சு வாங்கவோ? அவள் வரமாட்டாள்.” அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் நெஞ்சு வெந்தது, சபையோரே.

வலையின் அருமை எனக்குத் தெரியாதா? இந்தக் காலத்தில் ஒரு வலை போனால் ஒரு வீடே பட்டினி. ஆனாலும் கேட்கிறேன். எது முதல்? உயிர் முதல்! அடுத்தது? நெருப்பை அணைப்பது! கடைசியாகத்தான் பொருள்! இந்த வரிசை தெரியாதவன் ஆறடி உயரம் இருந்தாலும் என் அணிக்கு வேண்டாம். இந்த வரிசை தெரிந்தவள் கருவாடு காயவைக்கும் பெண்ணாக இருந்தாலும் எனக்கு அவள்தான் வேண்டும்!

தம்பி சிமியோன், தூணோடு நிற்கிறீர், காண்கிறேன். ஒருக்கா உம்முடைய வலக்கையை உயர்த்தும். வெட்கப்படாதையும். பாருங்கள் சபையோரே, தழும்பு இருக்கிறது. ஆனால் கை இருக்கிறது, ஐந்து விரலும் மடங்குகிறது. சிமியோன், இந்தக் கையால் இன்றைக்கு என்ன செய்தனீர்? உரத்துச் சொல்லும்.

கேட்டீர்களா? “வலை பின்னினனான்” என்கிறார்!

வலை எரிந்தது, கை வலையைப் பின்னுகிறது. கையே எரிந்து போயிருந்தால் வலை வந்து கையைப் பின்னுமா? சொல்லுங்கள்! பின்னுமா?

என்ன சிமியோன்? இன்னும் ஏதோ சொல்கிறார், அமைதி, அமைதி. “லூர்த்தம்மா அக்கா, பிள்ளையை விடுங்கோ. அண்டைக்கு அவள் பிடிச்ச பிடியை விட்டிருந்தா நான் இண்டைக்கு இல்லை. இவ்வளவு நாளும் நான் வாய் திறக்கேல்லை, அதுதான் பிழை.”

லூர்த்தம்மா, அழாதேங்கோ. தலையை ஆட்டுகிறீர்களே, ஓம் என்கிறீர்களா? ஓமாம், சபையோரே, ஓமாம்! மக்டலீன், அம்மாவின் பக்கத்திலிருந்து எழும்பி வா பிள்ளை, மேடைக்கு ஏறு. எங்கள் அணியின் முதல் கைப்பட்டி உனக்கு.

செல்வரட்ணம், இனி நெருப்புக்கு மணியை விட்டு விட்டு அடியும், கடலுக்கு விடாமல் அடியும். மணி கேட்டால் எல்லோரும் ஒரு கணம் நில்லுங்கள். ‘மணி ஆருக்கு?’ என்று கேளுங்கள். அதன்பின் ஓடுங்கள்.

இடம் தந்த சுவாமியாருக்கும், இந்த ஒலிவாங்கிக்கு உயிர் கொடுக்கத் தன் வான் வண்டியின் பற்றறியைக் கழற்றித் தந்த அன்பருக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மாருக்கும் நன்றி. எரியாத வீடும் ஆறாத அன்பும் உங்களுக்கு வாய்க்கட்டும். வணக்கம்!