போலந்துச் சபாநாயகரும் பட்டாசுச் சங்கமும்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதை நெருங்கிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். திருத்தங்கல் தாண்டியதும் அந்த அம்மா சொன்னார்:

"அந்தப் போலந்துக்காரரு மட்டும் இல்லேன்னா, இன்னைக்கு நான் பயந்துக்கிட்டே நம்ம பட்டாசுத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தத் தொடங்கியிருப்பேன்."

"போலந்தா? நம்ம கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தவரா?"

"இல்லங்க. ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல அந்த நாட்டுல சபாநாயகரா இருந்தவரு. சோஷலிஸ்டு. ஒருநா ராணுவ ஆபீசருக கத்தியும் துப்பாக்கியுமா பார்லிமெண்டுக்குள்ள வந்து நின்னுட்டாக. அவுக வெளிய போகாமச் சபையத் தொடங்க மாட்டேன்னுட்டாரு. சங்க வகுப்புல சொன்னாக. இன்னைக்குக் கம்பெனி ஆளுக ஏழெட்டுப் பேரு சுவத்தோரமா வந்து நிக்கவும் அவரு நெனப்புதான் வந்துச்சு. நீங்க போனாத்தான் கூட்டம்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

"போனாகளா?"

"ஒரு மணி நேரம் நின்னாக. நம்ம பொம்பளைக ஒருத்தியும் எந்திரிக்கல. பெறகு போயிட்டாக. வெடிச்சா தப்பிக்க வழி வேணும், பட்டாசு செய்யுற ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல உக்கார வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டோம்."

"அவருக்கும் இப்படித்தான் ஜெயமாச்சா?"

"இல்லங்க. அன்னைக்குச் சபையே நடக்கல. பின்னால ஒடம்புக்கு முடியாம, கடைசிக் காலம் ஆஸ்பத்திரியிலதானாம்."

"பாவம், நல்ல மனுசன்." கணவர் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "உனக்குப் பயமா இல்லையா புள்ள?"

"கை நடுங்குச்சு. மேசைக்கு அடியில வச்சுக்கிட்டேன்."

அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் நடுங்குதே."

"பஸ்ஸு ஆடுதுங்க," என்றார் அந்த அம்மா. கையை எடுக்கவில்லை.