கறுப்பு உருண்டையைப் போட்டவன்

அவைத்தலைவர் ஹெக்டர் லமோன்ட் அவர்களே, இந்தப் படிகளில் ஏறி ஏறித் தேய்ந்துபோன பெரியோர்களே, எங்கள் ரகசியங்களையெல்லாம் எங்களுக்கு முன்பே அறிந்திருந்த தாய்மார்களே, அனைவருக்கும் ஆர்ச்சி டல்லக்கின் அன்பு வணக்கம்.

கில்ரெனன் துறைமுகத்து ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சகோதர சபையின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். கல்தச்சர்கள் தொடங்கினார்கள், கடலோடிகள் நிறைத்தார்கள், காலம் காலிசெய்தது. மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். இன்றோடு மூடுகிறோம். உட்கார்ந்துவிடத்தான் ஆசை.

"முழுசா சொல்லிட்டு உக்காரு, ஆர்ச்சி" என்கிறார் மீன்கடை வில்மா. சொல்கிறேன் அம்மா. அதற்காகத்தான் இன்னும் நிற்கிறேன்.

என் அண்ணன் சாண்டியும் மாக்னஸ் கார்கிலும் ஒரே படகில் போனார்கள். புயல் அடித்தது. சாண்டி கடலில் விழுந்துவிட்டார், இருவரையும் பிணைத்திருந்த கயிறு அறுந்துபோயிற்று என்று மாக்னஸ் மட்டும் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்து நம் சபையில் சேர மனுக் கொடுத்தார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஆளுக்கோர் உருண்டை பெட்டிக்குள் போடவேண்டும். வெள்ளை என்றால் வருக. கறுப்பு ஒன்றே ஒன்று விழுந்தாலும் கதவு அடைப்பு. அன்று முப்பத்தெட்டு வெள்ளை, ஒரு கறுப்பு. யார் போட்டது? ஊரே கேட்டது. வாக்கு ரகசியம் என்பது விதி. அதை இன்று மீறுகிறேன். நான்தான் போட்டேன்.

இருங்கள், இன்னும் முடியவில்லை.

பிறகு எந்தக் காற்றில் நம் சபைக் கூரை பெயர்ந்தாலும் ஏணியோடு முதலில் வந்தவர் யார்? உள்ளே வராதே என்று நாம் விரட்டிய அதே மாக்னஸ். அவர் ஓடு மாற்றுவதை நாற்பத்தெட்டு ஆண்டுகள் கீழே நின்று பார்த்தேன். போன வசந்தத்தில்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாக்னஸ், அந்தக் கறுப்பு உருண்டை என்னுது."

கெட்டிலை அடுப்பில் வைத்தபடியே சொன்னார்: "தெரியும்டா. வேற எவன் போடுவான்? சர்க்கரை எத்தன?"

"நீ கயித்த விட்டுட்டேன்னு நெனச்சேன்."

அவர் கொதித்த கெட்டிலை இறக்கிவைத்தார். "விடலடா. கயிறு என் இடுப்புல இருந்துச்சு. அவன் பாரம் என்னையும் சேத்து இழுத்துச்சு. சாண்டியே கத்திய எடுத்து அறுத்துட்டான். 'வீட்டுக்குப் போ'ன்னான்."

"ஏன்டா இத்தன வருசம் சொல்லல?"

"உங்கம்மா கேட்டாங்க. தானா அறுந்துபோச்சுன்னேன். உன் மகனே அறுத்துக்கிட்டான்னு ஒரு தாய்கிட்ட எப்பிடிடா சொல்றது?"

சமத்துவம் என்றோம், சகோதரத்துவம் என்றோம், எங்கள் சின்னமான சதுரக்கோலையும் கவராயத்தையும் சுவரில் மாட்டினோம். ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்தக் கட்டடத்தை நிறுத்தியது கல்லா? சடங்கா? சத்தியமா? அழைக்காமலே ஏணி தூக்கி வந்தவரல்லவா?

மறுபடி மனுக் கொடுக்கச் சொன்னேன். "மூடப்போற எடத்துல எனக்கென்னடா வேலை?" என்று திட்டிக்கொண்டே எழுதித் தந்தார். பெட்டி சுற்றி வந்தது. ஏழு வெள்ளை. பதினொரு மாதமாக அவர் எங்கள் சகோதரர். இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். "நீ பாட்டுக்குச் சொல்லு, நான் காது கேக்காதவன் மாதிரி உக்காந்துக்கிறேன்" என்றார்.

முதல் வரிசையில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். போகும்போது அவர் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போங்கள். களைத்தவனின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் நலமாக வீடுபோய்ச் சேருங்கள். வணக்கம்.